மூக்குக்குப் பன்னிரண்டு மார்க்

பிரஸ்ஸல்ஸில் கணினி வேலை பார்க்கும் நண்பருக்கு வார இறுதியில் இன்னொரு வேலை உண்டு. பியர் போட்டிகளுக்கு நடுவராகப் போவார். அதற்கென்று இருக்கும் தேர்வை எழுதித் தேறியவர். “சாதா பியர விடுங்கண்ணே, புளிச்ச பியர் ஒண்ணு இருக்கு. வந்தா குளிர்காலத்துல வாங்க, அப்பதான் காய்ச்சுவாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிப்ரவரியில் போனேன்.

அந்த பியரின் பெயர் லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரிலும், அதன் தென்மேற்கே ஸென்னே ஆற்றை ஒட்டிய பயோட்டன்லாந்து கிராமங்களிலும் காய்ச்சுகிறார்கள். உலகத்தில் மற்ற பியர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈஸ்ட்டை அளந்து போடுவார்கள். இதற்குப் போடுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பழைய மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வந்து நொதிக்க வைக்கின்றன.

முதலில் கான்டியோன் ஆலைக்குக் கூட்டிப்போனார். பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஆன்டர்லெக்ட் பகுதியில் ஒரு சாதாரணத் தெரு, வாசலைப் பார்த்தால் பழைய மோட்டார் பட்டறை என்று தோன்றும். 1900-இல் தொடங்கிய குடும்பத் தொழில். 1978 முதல் ஆலையையே அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத கோதுமையையும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்த்துக் கரைப்பது, ஒரு பகுதியை எடுத்துக் கொதிக்க வைத்துத் திரும்ப ஊற்றுவது என்று ஏதேதோ நடக்கிறது. அதைப் பொறுமையாக விளக்கினார்கள். என் கண் மாடிப்படியிலேயே இருந்தது.

கூரைக்கு அடியில் இருக்கிறது அந்தச் செம்புத் தொட்டி. முழங்கால் உயரம்கூட இராத, அகலமான தொட்டி. 7,500 லிட்டர் பிடிக்கும். மணிக்கணக்காகக் கொதித்த சாற்றைச் சாயங்காலம் இதில் இறக்கி, கூரைச் சட்டங்களைத் திறந்துவிட்டு, இரவு முழுக்க ஆறப் போடுகிறார்கள். வெளிக்குளிர் உள்ளே வரும், அதோடு வர வேண்டியவையும் வரும். அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரைதான் இந்த வேலை. வெயில் காலத்தில் ஒரே இரவில் ஆறாது. வேண்டாத கிருமிகளும் அப்போது காற்றில் அதிகம். ஹாப்ஸ் பூவையும் புதிதாகப் போடுவதில்லை. மூன்று வருடம் கிடந்து, வாசனையும் கசப்பும் போன பூவாகப் பார்த்துப் போடுகிறார்கள். கெட்ட கிருமியைத் தடுக்கும் குணம் மட்டும் அதில் மிஞ்சியிருந்தால் போதும்.

மூலைக்கு மூலை சிலந்தி வலை. யாரும் துடைப்பத்தை அந்தப் பக்கம் நீட்டக் கூடாது. பீப்பாயை மொய்க்க வரும் பழ ஈயைத் தின்பது சிலந்திதான்.

நம் ஊரில் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும். இங்கே அதே வேலைக்கு மூன்று வருடம். ஓக் மரப் பீப்பாய்க்குள் போனதும் முதல் சில வாரம் குடல் கிருமி இனங்களின் ஆட்டம். அப்புறம் சாதாரண ஈஸ்ட் வந்து சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்கும். அதன் பிறகு பீடியோகாக்கஸ் புளிப்பேற்றும். அந்தக் கட்டத்தில் பியர் எண்ணெய் போல வழவழத்து நூல் விடும். சீக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். பதறக் கூடாது. ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் மெதுவாக வந்து அந்த வழவழப்பையும் தின்று முடிக்கும். 1904-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாவ்சன் இங்கிலாந்து பியரில் கண்டு பெயரிட்ட ஈஸ்ட் இது. பழைய தோல், காய்ந்த வைக்கோல், குதிரை லாயம் என்று இந்த பியரை மோந்தவர்கள் எழுதிவைத்த வாசனைகள் பெரும்பாலும் இதன் கைங்கரியம்.

மறுநாள் போனது ஒரு கிராமத்துக் கலப்பாளரிடம். பெயர் போட வேண்டாம் என்றார். இவர் காய்ச்சுவதில்லை. காய்ச்சுகிறவர்களிடம் சாற்றை வாங்கித் தன் பீப்பாய்களில் வளர்த்து, ஒன்று, இரண்டு, மூன்று வயதுச் சரக்கைக் கலந்து பாட்டிலில் அடைப்பார். அப்படிக் கலந்ததற்குப் பெயர் கூஸ். கான்டியோன் குடும்பமும் முதலில் கலப்புத் தொழில்தான் செய்தது. காய்ச்சத் தொடங்கியது 1930களின் கடைசியில்.

ஒவ்வொரு பீப்பாயின் முகத்திலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மரமுளை. கிழவர் குறடால் அதைத் திருகி இழுத்தார். நூல் போல ஒரு தாரை பீறிட்டு நேராகக் கண்ணாடித் தம்ளருக்குள் விழுந்தது. மூன்று விரல் உயரம் நிறைந்ததும் துளையைக் கட்டைவிரலால் பொத்தி, முளையைச் செருகி, சுத்தியலால் ஒரே தட்டு. கீழே ஒரு சொட்டு இல்லை. பீப்பாயில் இருக்கும் லாம்பிக்கில் நுரை கிடையாது. மங்கலான பொன்னிறத்தில், அசையாமல் கிடக்கும்.

நண்பர் பையிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்தார். ஐம்பது மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படியும் விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. “முதல் வாயில முகத்தைச் சுளிக்காதீங்கண்ணே, நாக்கு பழகட்டும்” என்றார். ஒரு வயது பியரில் கோதுமை வாசனையும் லேசான இனிப்பும். அதற்கு இருபதைத் தாண்டி ஏதோ போட்டார். மூன்று வயது வாயில் பட்டதும் தாடை கூசியது. அடுத்தாற்போல் பம்பளிமாஸ் தோல், தோல்பை, ஈரக் கல். அதற்கு நாற்பதை ஒட்டி மார்க். ஒரு பீப்பாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. கிழவர் மோந்த உடனே சாக்கட்டியால் அதன் மேல் பெருக்கல் குறி போட்டார். அது காடியாகப் போகும். அந்த ஒன்றில் இருவருக்கும் ஒரே தீர்ப்பு.

தாளை வாங்கிப் பார்த்த கிழவர் சிரித்தார். நண்பர் மொழிபெயர்த்தார்: “நீ குறைச்சுப் போட்டிருக்கும் அந்தச் சின்னவன் இல்லாவிட்டால் என் பாட்டிலில் நுரையே வராது. அவனிடம்தான் இன்னும் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. நீ தலையில் தூக்கி வைக்கும் கிழவனைத் தனியாக விற்றால் யாரும் இரண்டாவது தம்ளர் கேட்கமாட்டார்கள்.” சொல்லிவிட்டு ஓர் அளவுக் குழாயில் மூன்றையும் ஊற்றிக் காட்டினார். மூன்று வயதின் குத்தல் பின்வாங்கியது. இளசின் மப்பும் போனது. தனித்தனியாகக் குடித்தபோது எதிலும் இல்லாத பச்சை ஆப்பிள் வாசனை எங்கிருந்தோ வந்தது.

புளிப்பு பியருக்கு மார்க் போடுகிறவர்கள் பெரும்பாலும் நாக்கைக் கிழிக்கும் புளிப்புக்கே விழுகிறார்கள். கலப்பாளர் தேடுவது கெட்டிக்காரப் பீப்பாயை அல்ல. எந்தப் பீப்பாயின் குறையை எது அடைக்கும் என்பதைத்தான். அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

பேச்சு ஆர்மான்ட் டெபெல்டரிடம் போனது. பேர்செல் ஊரில் ட்ரீ ஃபோன்டெய்னன் மதுக்கடையை 1953-இல் எடுத்து நடத்திய காஸ்டனின் மகன். யாரும் லாம்பிக்கை மதிக்காத காலத்தில் அப்பாவின் கலப்புத் தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டவர். 1990களின் கடைசியில் சொந்தமாகக் காய்ச்சவும் துணிந்தார். 2009 மே மாதம் கிடங்கின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, அனல் ஏறியது. பாட்டில்கள் வெடித்தன. வெடிக்காதவையும் பல்லாயிரக்கணக்கில் கெட்டன. ஊர் ஊராக ஆட்கள் வந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டிக் கொடுத்தார்கள். அந்த வெந்த பியரை வடித்துச் சாராயமாக்கி விற்றார் ஆர்மான்ட்; பிற்பாடு மறுபடி காய்ச்சவும் செய்தார். 2022-இல் காலமானார். இதைச் சொல்லும்போது கிழவர் முளையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது பிறகு, விலையைக் கேட்டபோது. சாறு வாங்கிய பணம் திரும்ப மூன்று, நான்கு வருடம். இடையில் பீப்பாய் வழியே ஆவியாகிப் போவது நஷ்டம், காடியானது நஷ்டம். கடைசியில் நல்ல ஒயின் பாட்டிலில் பாதி விலைகூடக் கேட்க இவர்களுக்குக் கூச்சம். ஆனால் வரிசையில் நின்று வாங்கிப் போகிறவன், கடல் கடந்து அதையே பல மடங்கு விலைக்குத் தள்ளுகிறான். ஒரு குளிர்கூட அவன் காத்திருந்ததில்லை. அதனால்தான் ஆளுக்கு இத்தனை என்று கணக்கு வைக்கிறார்கள். கான்டியோனில் சில பாட்டில்களை அங்கேயே உட்கார்ந்து குடிக்கத்தான் தருவார்கள், கையோடு கொண்டுபோக முடியாது. ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவது எது? யாரோ போட்ட மார்க்தான்.

நண்பர் விடவில்லை. “அந்த மார்க்கைப் பாத்துதாண்ணே வெளிநாட்டுக்காரன் இங்க வந்தான். உள்ளூர்க்காரன் சர்க்கரை போட்ட சரக்குக்குப் போயிட்டான். அந்த வெளிநாட்டுக்காரன் வராட்டி இதுல பாதி ஆலை மூடியிருக்கும்.” மறுக்க முடியவில்லை. ஆனால் மார்க் போட்டவர் அதோடு கைகழுவிவிடவும் முடியாது.

கடைசியாக, எப்போதாவது இந்த பியர் உங்கள் கண்ணில் பட்டால் லேபிளைப் பாருங்கள். ‘அவுதே கூஸ்’ என்று இருந்தால் முழுக்கத் தானே நொதித்தது. அதில் கலந்தவற்றில் மூத்ததற்குக் குறைந்தது மூன்று வயது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு தந்திருக்கிறது. கான்டியோன் அந்தச் சொல்லைப் போடுவதில்லை. ‘நூறு சதவீத லாம்பிக்’ என்று எழுதியிருக்கும், அதையும் நம்பலாம். கூஸ் என்று மொட்டையாகப் போட்டிருந்து, உதட்டில் இனிப்புப் பிசுபிசுத்தால், மார்க் எத்தனை இருந்தாலும் அது வேறு சரக்கு.