காகிதத்தில் வாங்கிய கிடார்

மாஸ்டரிடம் இருந்த கேட்லாக்குக்கு அட்டை கிடையாது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கும்போதே அது போயிருந்தது. உள்ளே வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள். வார்னிஷ் மின்னும் நீள மரப்பெட்டி, அதன்மேல் பத்துத் தந்திகள், நான்கு இரும்புக் கால்கள், அடியில் வரிசையாக மிதிகள். தந்திகளுக்குக் கீழே ஸ்வர இடங்களைக் காட்ட இஸ்பேடு, ஆட்டீன், டைமன், கிளாவர் என்று சீட்டுக்கட்டுச் சின்னங்களைப் பதித்திருந்தார்கள். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் என்ற இருவர் 1950களில் தங்கள் பெயர்களை ஒட்டவைத்து ஆரம்பித்த ‘ஷோ-பட்’ கம்பெனியின் பெடல் ஸ்டீல் கிடார்கள் அவை. மாஸ்டரின் மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாங்க இது, கிடாரா, உஷா மிஷினா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எழுபதுகளின் கடைசி அது. மாஸ்டருக்குச் செங்கல்பட்டு ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. சாயங்காலம் டியூட்டி முடிந்ததும், கொளவாய் ஏரிப் பக்கமிருந்த வீட்டில் எங்களுக்கு ஹவாயன் கிடார் சொல்லிக்கொடுப்பார். எங்களுக்கு என்றால் இரண்டு மூன்று பையன்கள்தான். மற்றவர்கள் எல்லாம் நிமிர்த்திப் பிடித்து வாசிக்கிற ஸ்பானிஷ் கிடார் பக்கம் போய்விட்டார்கள். மடியில் படுக்கவைத்து வாசிக்கிற வாத்தியத்துக்கு மேடையில் என்ன மவுசு இருக்கும்? ஸ்டைல் காட்ட முடியாது. குனிந்த தலை நிமிராமல் வாசிக்க வேண்டும்.

அவருடைய கிடார் கல்கத்தாவில் செய்து ரயில் பார்சலில் வந்தது. பிறப்பால் அது சாதாரணக் கிடார். கழுத்தின் நுனியில் ஒரு இரும்புத் துண்டைச் சொருகி, தந்திகளை அரை அங்குலம் தூக்கி நிறுத்திவிட்டால் ஹவாயன் ஆகிவிடும். இடது கையில் பிடிக்கிற இரும்பு உருளையை ‘பார்’ என்போம். மாஸ்டருடைய பாரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்து உருட்டி வாங்கியிருந்தார். நுனியைக் குண்டுபோல மழுக்கச் சொல்லியும் பட்டறைக்காரர் தட்டையாகவே வெட்டிக் கொடுத்துவிட்டாராம். அதனால் மேல்தந்தியிலிருந்து கீழ்த்தந்திக்குத் தாவும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த ‘டிக்’ இல்லாமல் ஹவாயன் கிடாரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஏதோ குறைகிறது.

கேட்லாக் என்பது அந்நாளில் ஒரு தனி வாசிப்பு. தமிழ் வாரப் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் ‘விலைப்பட்டியல் இலவசம்’ என்ற வரி இருக்கும். ஒரு தபால் கார்டு போட்டால் போதும், வந்துவிடும். ஆர்மோனியத்துக்குத்தான் பக்கம் பக்கமாக இடம். இரட்டை ரீடு, மூன்று ரீடு, ஜெர்மன் ரீடு, பாலிதானா ரீடு, கப்ளர், ஸ்கேல் சேஞ்ச், மடக்கிப் பெட்டியில் வைக்கிற மாடல் என்று வகை விரியும். கூத்து நடத்துகிறவர்களும் பஜனை மடத்துக்காரர்களும்தான் அவற்றை எண்ணெய்க் கறை படியப் படித்தார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் புல்புல் தாரா, மவுத் ஆர்கன், ஹவாயன் கிடார். முன்பணம் அனுப்பினால் பாக்கி வி.பி.பி. நான் எதற்கும் ஆர்டர் கொடுத்ததில்லை. படித்ததோடு சரி.

மாஸ்டரின் அமெரிக்க கேட்லாக் வேறு ஜாதி. வெளிநாட்டு வாத்தியத்தை வரவழைக்க வேண்டுமென்றால் அன்று இறக்குமதி லைசென்ஸ் உண்டு, சுங்கவரி உண்டு. பார்சல் ஆபீஸ் சம்பளத்தில் நடக்கிற காரியமில்லை. ஆனாலும் அவர் ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். ‘மேவரிக்’ என்று பெயர். கற்றுக்கொள்கிறவர்களுக்கான சின்ன மாடல். மூன்று மிதிகள், முழங்காலால் தள்ளுகிற லீவர் ஒன்று. பக்கத்தைத் திருப்பினால் இரட்டைக் கழுத்து, எட்டு மிதி என்று பெரியதெல்லாம் இருக்க, இந்தச் சின்னதுக்கு ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டேன். “தம்பி, கெடைக்காத பொருள்லயும் நமக்குத் தக்கனதா பாக்கணும்டா” என்றார். விலைத்தாள் அட்டையோடு போய்விட்டிருந்தது. விலை தெரியாததால் அந்த கேட்லாக்கில் இருந்த எதுவுமே அவருக்கு எட்டாத விலையாகத் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஹவாயன் கிடாரின் குரல் எங்களுக்குப் புதிதில்லை. இலங்கை வானொலியில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எதையாவது வாசிக்கவிடுவார்கள். பாதி நாள் அது எலெக்ட்ரிக் ஹவாயன் கிடாராக இருக்கும். வான் ஷிப்லி, சுனில் கங்குலி போன்றவர்கள் இந்திப் பாட்டுகளை வார்த்தையில்லாமல் வாசித்த எச்.எம்.வி. ரெக்கார்டுகள் அப்போது பிரபலம். பாட்டு தெரியும், பாஷை தெரியாது என்றிருந்த எங்களுக்கு அதைவிட வசதி வேறென்ன?

இந்தக் கருவி இந்தியாவுக்கு வந்ததே ஒரு கதை. ஹவாய்த் தீவுகளில் லாயி என்ற ஊரில் ஜோசப் கெகுகு என்ற பையன் 1889 வாக்கில் இரும்புத் துண்டால் தந்தியை வருடி வாசிக்கும் முறையைக் கண்டுபிடித்தான் என்பது பரவலாக ஒப்புக்கொண்ட வரலாறு. அவனுக்கும் முன்னால் கேப்ரியல் டேவியன் என்ற இந்தியர் ஒருவர் கப்பலில் ஹவாய் போய் அங்கே அப்படி வாசித்துக் காட்டினார் என்ற பேச்சும் உண்டு. அந்த வழக்கு இன்றைக்கும் தீரவில்லை. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய் இசைக்காரர்கள் வாசித்தபின் அமெரிக்கா முழுக்க அந்த மோகம் பரவியது. கெகுகுவின் ஊரிலேயே வளர்ந்த டாவ் மோ குடும்பத்தோடு ஊர் ஊராக வாசித்துக்கொண்டே வந்து, 1940களில் கல்கத்தாவில் தங்கிச் சொல்லியும் கொடுத்தார். அங்கே கார்னி நிஸ்ஸின் ‘அலோஹா பாய்ஸ்’ குழு எச்.எம்.வி.க்கு ரெக்கார்டு கொடுத்தது. வங்காளத்தில் வீட்டுக்கு வீடு ஹவாயன் கிடார் ஆனது. அதில் ஒரு துளி ரயிலேறிச் செங்கல்பட்டுக்கு வந்தது.

நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தந்திமேல் கட்டையை வழுக்கி வாசிக்கிற கோட்டுவாத்தியம் நம்மிடமே இருந்தது. திருவிடைமருதூர் சகாராம் ராவ் அதைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். நாராயண ஐயங்கார் அதிர்வுத் தந்திகளைச் சேர்த்து 21 தந்திகளாக விரித்தார். அவருடைய பேரன் ரவிகிரண் கையில் அது சித்திரவீணை. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்திராவில் பாடம் சொன்னார். அந்தத் திருவான்மியூரும் ஒரு காலத்தில் எங்கள் செங்கல்பட்டு ஜில்லாதான். மாஸ்டர் சாஸ்திரிகளின் வாசிப்பை ரேடியோவில் கேட்டால் பார்சல் ரசீதைக்கூட நிறுத்திவிடுவார் என்று அவருடைய சகாக்கள் கேலி செய்வார்கள்.

அப்படியானால் மிதி எதற்கு? கோட்டுவாத்தியத்தில் இல்லாத எதை அந்த அமெரிக்கப் பெட்டி செய்கிறது? கேட்லாக்கை எத்தனை தடவை புரட்டினாலும் இது மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. பதில் மாமல்லபுரத்தில் கிடைத்தது.

மாசி மகத்துக்கு இருளர்கள் கடற்கரையில் வந்து தங்குவார்கள். ஊரே ஜே ஜே என்றிருக்கும். அந்தச் சமயத்தில் மாமல்லபுரத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஒரு நிகழ்ச்சி. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் காலையில், ஒத்தவாடைத் தெருவில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு வீட்டுத் திண்ணையில் மாஸ்டர் தந்தி மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பட்டறையில் உளிச்சத்தம் ஓயவேயில்லை. தாடிக்கார அமெரிக்கர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கிடாரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாஸ்டர் தயங்காமல் பையிலிருந்து கேட்லாக்கை எடுத்து, மிதிகளைத் தொட்டுக் காட்டி, “ஒய்?” என்றார். அவருக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அதுவே போதுமாயிருந்தது.

அமெரிக்கர் கிடாரை மடியில் வாங்கிக்கொண்டு, பாரை நேராக வைத்து மேல் மூன்று தந்திகளை மீட்டினார். இனிமையான ஒரு கூட்டொலி. பாரை நகர்த்தினார். கூட்டொலி அப்படியே மேலே போயிற்று, அப்படியே கீழே வந்தது. உருவம் மாறவில்லை. நேரான இரும்பால் எல்லாத் தந்திகளையும் ஒன்றுபோலத்தான் ஏற்ற முடியும். பிறகு என்னைக் கூப்பிட்டு, பாருக்குப் பின்னால் தலைப்பக்கமாக இரண்டு தந்திகளில் விரல் வைக்கச் சொன்னார். மூன்றாவது தந்தியை அரை ஸ்வரம் ஏறும்வரை அமுக்கு, இரண்டாவதை ஒரு முழு ஸ்வரம் ஏறும்வரை அமுக்கு என்று காதால் கேட்டுக் கேட்டு அளவு சொன்னார். முழு ஸ்வரத்துக்கு விரல் தந்தியில் புதைந்து வலித்தது. அவர் மீட்டிக்கொண்டிருக்கும்போதே நான் அமுக்கினேன். பார் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு கூட்டொலி உருகி இன்னொன்றாக மாறியது. ஒரு தந்தி நின்ற இடத்தில் நிற்க, மற்ற இரண்டும் வெவ்வேறு தூரம் ஏறி அதனோடு போய்ச் சேர்ந்தன. என் இரண்டு விரல்கள் செய்த வேலையைத்தான் மிதிகள் செய்கின்றன. மிதித்தால் அடியிலிருக்கும் கம்பி இழுபட்டுக் குறிப்பிட்ட ஒரு தந்தியை மட்டும் இறுக்கும். காலை எடுத்தால் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பும்.

மிதிகள் 1940களிலேயே வந்துவிட்டன. ஆனால் வாசிக்கிறவர்கள் அவற்றைச் சுருதி மாற்ற மட்டும், சத்தம் அடங்கிய நேரத்தில் அழுத்தினார்கள். 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் ஒலி நீடிக்கும்போதே மிதித்தார். அதன்பிறகு அமெரிக்கக் கிராமியப் பாட்டின் அழுகுரலே அதுதான் என்றாகிவிட்டது. இது எனக்குப் பின்னாளில் தெரிந்த சங்கதி. அன்று மாஸ்டர் திண்ணையிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டார்: “நமக்கு ஒரு ஸ்வரம் வளைஞ்சா போதும்டா. அவங்களுக்கு மூணும் சேர்ந்து வளையணும். அதுக்குத்தான் இத்தனை கம்பி.” கோட்டுவாத்தியத்துக்கு மிதி ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எந்த இசைப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ராகத்தை நம்பியவர்கள் அதிர்வுத் தந்திகளைக் கூட்டினார்கள், கூட்டொலியை நம்பியவர்கள் மிதிகளைக் கூட்டினார்கள்.

புரிந்துவிட்டால் ஆசை அடங்கும் என்பார்கள். மாஸ்டருக்கு அடங்கவில்லை. அதன்பின் மேவரிக்கை விட்டுவிட்டு எட்டு மிதிக்காரனைப் பார்க்கத் தொடங்கினார்.

பெடல் ஸ்டீல் செங்கல்பட்டுக்கு வரவே இல்லை. எண்பதுகளில் வந்தது கீபோர்டு. குழுவில் ஒருவர் கீபோர்டு வைத்திருந்தால் வயலின், புல்லாங்குழல், கிடார் எல்லாம் அவர் விரலிலேயே இருக்கும். பக்கத்தில் ஒரு சக்கரம். அதைத் திருப்பினால் ஸ்வரம் வளையும். கோயில் திருவிழா கமிட்டிக்கு ஆள் குறைந்தால் பணம் மிச்சம். ஹவாயன் கிடாருக்கு மேடையில் முதலில் ஓர நாற்காலி கிடைத்தது, பிறகு அதுவும் போயிற்று. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்து எந்த வாத்தியமும் வாங்கலாம் என்றானபோது மாஸ்டருக்குக் கையில் நடுக்கம் வந்துவிட்டது. ஷோ-பட் கம்பெனியும் அதற்குள் மூடியாகிவிட்டது.

இன்று பெடல் ஸ்டீலைப் போனிலேயே கேட்கலாம். எம்மன்ஸ் வாசிப்பதைப் பார்க்கலாம். அவர் 2015இல் காலமானார். நான் கேட்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டையில்லாத அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்து நாங்களாக மனதுக்குள் கேட்டுக்கொண்ட வாத்தியம் இதைவிட ஒரு பங்கு உசத்தி. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மாஸ்டர் போனபிறகு வீட்டைக் காலி செய்தவர்கள் கேட்லாக்கையும் கல்கத்தா விலைப்பட்டியல்களையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கொரு மதிப்பு உண்டென்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேகரித்த நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்ற துண்டுத்தாள்களைக்கூடப் பொக்கிஷமாகக் காக்கிற இடம் அது. உங்கள் வீட்டுப் பரணில் வாத்தியக் கடை விலைப்பட்டியலோ, ரெக்கார்டு கேட்லாக்கோ, மெல்லிசைக் குழுவின் நோட்டீஸோ கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தந்தி தூக்கிக் கட்டிய கிடாரும் கூடவே கிடந்தால், அதன் இரும்பு பாரையும் மறக்காமல் தேடி எடுங்கள். பெரும்பாலும் அது வேறு ஏதோ டப்பாவில்தான் இருக்கும்.