சட்டை உரிக்கிற வைத்தியம்

எனக்குப் பாம்பென்றால் பயம். டிவியில் வந்தாலே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிற ஆள். அப்படியிருந்தும் சில வாரங்களாக ராத்திரி உட்கார்ந்து, அமெரிக்கக் காட்டுப் பாம்புகளுக்கு வரும் ஒரு தோல்நோயைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

2006-ல் நியூ ஹாம்ப்ஷயரில் எஞ்சியிருந்த ஒரே கிலுகிலுப்பைப் பாம்புக் கூட்டத்தில் புண்கள் தென்பட்டன. எண்ணிக்கை ஏறத்தாழ பாதியானது. 2008-ல் இல்லினாயில் மூன்று பாம்புகள் முகம் வீங்கிக் கிடைத்தன. மூன்று வாரத்துக்குள் செத்துப்போயின. ஒஃபிடியோமைசிஸ் என்ற பூஞ்சையின் வேலை இது. நம் நகத்தில் இருப்பதுபோல பாம்பின் செதிலிலும் கெரட்டின் உண்டு. அதைத் தின்றே இது வாழ்கிறது.

பாம்புக்குத் தெரிந்த வைத்தியம் சட்டை உரிப்பதுதான். நோய் வந்த பாம்பு அடிக்கடி உரிக்கிறது. குளிர்காலத்தில் பொந்துக்குள் தூங்கவேண்டியது, சூடு தேடி வெளியே வந்து வெயிலில் கிடக்கிறது. பருந்து பார்த்துவிடும், இல்லையென்றால் குளிர் கொன்றுவிடும்.

புது நோய் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு மியூசியங்களில் பாதுகாத்து வைத்திருந்த பழைய பாம்புகளின் தோலைச் சோதித்தார்கள். 1945-ல் அமெரிக்காவில் பிடித்த பாம்பிலேயே நோய் இருந்தது. சுவிட்சர்லாந்தில் 1959-ல் பிடித்தவற்றிலும் பூஞ்சை இருந்தது. அப்ப இது பழசா? 2022-ல் வந்த மரபணு ஆய்வு அதற்கும் முழுசாக ஆமாம் போடவில்லை. பூஞ்சை வெளியிலிருந்து அமெரிக்காவுக்குப் பல தடவை வந்து இறங்கியிருக்கிறது, அதுவும் சமீபத்தில், சுமார் நூறு வருஷத்துக்குள் என்கிறது. வளர்ப்புப் பாம்பு வியாபாரத்தின்மேல்தான் சந்தேகம்.

என்னை உறுத்துவது 1945-க்கும் 2006-க்கும் நடுவே இருக்கிற அந்த 61 வருஷம். பறவைகள் கொத்தாகச் செத்து விழுந்தால் ஊரே பேசும். பாம்பு குறைந்தால் "ஒழிஞ்சுது சனியன்" என்று போய்க்கொண்டே இருப்போம். பாறை இடுக்குகளில் எத்தனை செத்தன என்று யார் எண்ணினார்கள்? ஒரு நோய் புதுசா பழசா என்பதைவிட, யாரும் பார்க்காத உயிருக்கு அது வந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1945-ல் அந்தப் பாம்பைப் பிடித்த நேரத்தில் இந்தப் பூஞ்சைக்குப் பெயரே கிடையாது. ஆனாலும் யாரோ அதைப் பத்திரப்படுத்தி, வருஷத்தையும் குறித்து வைத்தார்கள். இப்போதைக்கு நம்மிடம் இருக்கிற பழைய சாட்சிகளில் அதுவும் ஒன்று.