இருட்டில் தெரியும்படி



ஊர் பார்த்த கதையை இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். தம்பலகாமத்தில் எங்கள் மாதர் சங்கத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் கணவர் இல்லை. சிலருக்கு அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே இன்னும் தெரியாது. அவர்கள் முன்னால், "நானும் அவரும் நாலு நாள் ஒஸ்லோ பார்க்கப் போனோம்" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அங்கே நடந்த ஒரு விசயத்தை எழுதாமல் விட மனம் கேட்கவில்லை.

எங்கள் மகள் நோர்வேயில் பேர்கன் நகரில் குடும்பமாக இருக்கிறாள். பேரனின் முதலாவது பிறந்தநாளுக்கென்று 2023ஆம் ஆண்டு கார்த்திகையில் எங்களை அழைத்திருந்தாள். மார்கழி பிறந்ததும் ஒருநாள் மருமகன் ஒரு கடித உறையைக் கையில் தந்தார். உள்ளே ஒஸ்லோவுக்கு இரண்டு ரயில் டிக்கெட். "மாமி, நீங்களும் மாமாவும் ஒரு நாள்கூடத் தனியாக எங்கேயும் போனதில்லையாமே. போயிட்டு வாங்கோ" என்றார்.

உண்மைதான். 1987இல் கலியாணம். 1990இல் இடம்பெயர்வு. பிறகு முகாமில் ஒரு சீலைத்திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வேறு குடும்பம். ஊர் திரும்பிய பிறகு பிள்ளைகள், வயல், மாமியாரின் நோய். முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒஸ்லோ என்ற பெயர் எங்களுக்குப் புதிதல்ல. 2002 மாசி 22ஆம் திகதி நோர்வேயின் அனுசரணையோடு யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தபோது வீட்டுக்கு வீடு வானொலியில் அந்தப் பெயரைத்தான் கேட்டோம். அந்த வருட மார்கழியில் பேச்சுவார்த்தையும் ஒஸ்லோவிலேயே நடந்தது. அந்த நாட்களில்தான் பல வருடங்களுக்குப் பிறகு இரவில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தோம். 2006இல் மாவிலாற்றோடு திருகோணமலையில் திரும்பவும் சண்டை தொடங்கியது. பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டோம்.

பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம். மலையில் ஏறி, பின்சே என்ற நிலையத்தில் 1222 மீற்றர் உயரத்துக்குப் போகிறது. வெளியே ஒரே வெள்ளை. "நிலாவெளி உப்பளத்தை ஆரோ மலையில ஏத்திவிட்ட மாதிரிக் கிடக்கு" என்றார் அவர். ரயிலில் ஒரு கோப்பியின் விலையை ரூபாயில் கணக்குப் பார்த்தார். ஒரு குரோனர் அப்போது சுமார் முப்பது ரூபா. மறுபேச்சில்லாமல் மகள் தந்துவிட்ட பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார்.

நாங்கள் ஒஸ்லோவில் இறங்கியது வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. நல்ல இருட்டு. மார்கழியில் அங்கே காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும்பும், மூன்றே காலுக்கெல்லாம் படும். பகல் என்பது ஆறு மணித்தியாலம்தான். எங்கள் ஊரில் மார்கழியிலும் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம்தானே குறையும்.

அறைக்குப் போனதும் அவர் செய்த முதல் வேலை, யன்னல் சீலையை இழுத்து மூடி லைற்றை அணைத்ததுதான். பிறகு கட்டிலின் ஓரத்தில் சப்பாத்தும் கழற்றாமல் இருந்தார். வெளியே சனம் சிரித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. "வாங்கோ, ஒரு சுற்று நடந்திட்டு வருவம்" என்றேன். "இருட்டிப் போச்சு, விடியப் போவம்" என்றார். மணி ஐந்துகூட ஆகவில்லை.

நான் வற்புறுத்தவில்லை. ஏனென்றால் அந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் நான்தான் என்றும் நினைத்திருந்தேன்.

1990 ஆவணியில் ஒரு இரவு. ஆறு மணிக்குப் பிறகு ஒருவரும் விளக்குக் கொளுத்துவதில்லை என்று ஒழுங்கை முழுவதும் ஒரு கட்டுப்பாடு. மகளுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மருந்தின் அளவு தெரியவேண்டுமே என்று குப்பி விளக்கைக் கொளுத்தினேன். ஐந்து நிமிடம் இருக்கும். அணைத்துக் கொஞ்ச நேரத்தில் நாய்கள் குரைத்தன. வாசலில் டோர்ச் வெளிச்சம். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இவர் இருபத்திரண்டாம் நாள் திரும்பி வந்தார். அந்த அண்ணன் வரவே இல்லை.

என் விளக்கு வெளிச்சம்தான் அவர்களுக்கு வழிகாட்டியது என்று அன்றிலிருந்து என் மனதில் பதிந்துவிட்டது. அவரிடமும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஒரு உதவி என்றால் முதல் ஆளாக ஓடுவேன். "உனக்கு நல்ல மனசடி" என்பாள். அதைக் கேட்கிற நேரமெல்லாம் நெஞ்சு சுருங்கும்.

அடுத்த நாள் சனிக்கிழமை பகலில் விகெலண்ட் பூங்காவுக்குப் போனோம். குஸ்தாவ் விகெலண்ட் என்ற சிற்பி செய்த இருநூறுக்கு மேற்பட்ட சிலைகள் அங்கே இருக்கின்றன. ஒரே கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதுபோல் செதுக்கிய பெரிய தூணும் உண்டு. எல்லாம் உடுப்பில்லாத சிலைகள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். "இந்தக் குளிருக்க பாவங்கள்" என்று மெல்லச் சொன்னார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பின்னேரம் இருட்டத் தொடங்கியபோது இரண்டு விசயங்களைக் கவனித்தோம். ஒன்று, வீடுகளின் யன்னல்கள். சீலையை மூடாமல், யன்னலிலேயே கடதாசி நட்சத்திர விளக்கும் மெழுகுதிரி போன்ற ஏழு விளக்குத் தாங்கியும் வைத்திருந்தார்கள். நத்தார் மாதத்து வழக்கமாம். மகளின் அயல்வீட்டில் ஒரு வயோதிப அம்மா இருக்கிறார். ஜேர்மனியர் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த 1940 முதல் 1945 வரை ஒரு கீற்று வெளிச்சமும் வெளியே தெரியாமல் யன்னல்களுக்குக் கறுப்பு அடைக்கவேண்டும் என்பது உத்தரவாம். விடுதலை நாளான 1945 மே 8ஆம் திகதி தாயோடு சேர்ந்து அந்தக் கறுப்புக் கடதாசியைக் கிழித்ததை அவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு ஏழு வயது. விளக்கணைத்து இருந்த சனம்தான் இவர்களும் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் யன்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மற்றது, நடந்து போகிறவர்களின் உடுப்பில் மினுங்கிய துண்டுகள். சின்னப் பிள்ளைகள் முதல் கிழவர்வரை கையிலோ பையிலோ ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள். வாகன வெளிச்சம் பட்டால் பளிச்சென்று திருப்பி ஒளிரும். மங்கல் லைற்றோடு வரும் சாரதிக்குச் சாதாரண உடுப்போடு நடப்பவர் 25, 30 மீற்றரில்தான் தெரிவாராம். இது இருந்தால் 140 மீற்றரிலேயே தெரிவாராம். கந்தளாய் வீதியில் லைற் இல்லாத சைக்கிளில் போய் அடிபட்ட எத்தனை பேரை நாங்கள் பார்த்திருக்கிறோம்! இருட்டில் ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் நாங்கள் பழகினோம். இங்கே பிள்ளைகளை, மற்றவர் கண்ணில் படும்படி நடக்கப் பழக்குகிறார்கள். ஒரு கடையில் பத்து வாங்கினேன். விலையை அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஒன்றை வாங்கித் தன் சட்டைக் கையில் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மார்கழி 10. ஒவ்வொரு வருடமும் சமாதானத்துக்கான நோபல் பரிசை ஒஸ்லோ மாநகர மண்டபத்தில் கொடுக்கும் நாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே வந்த கம்சி குணரத்தினம் 2015இல் துணை மேயராக வந்தது இந்த மண்டபத்துக்குத்தான். 2021இல் அவர் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அந்த வருடப் பரிசு ஈரானின் நர்கெஸ் முகமதிக்கு. பெண்களின் உரிமைக்காகவும் மரண தண்டனைக்கு எதிராகவும் போராடியதற்காக அவர் அப்போது தெஹ்ரான் எவின் சிறையில் இருந்தார். அதனால் மேடையில் அவருடைய நாற்காலி வெறுமையாகவே இருந்தது. பதினேழு வயது இரட்டைப் பிள்ளைகள், மகளும் மகனும், தாய் சிறையிலிருந்து அனுப்பிய உரையை வாசித்துப் பரிசைப் பெற்றுக்கொண்டார்கள். தாயைக் கண்டு எட்டு வருடத்துக்குக் கிட்டவாம். வெறும் நாற்காலி என்றால் என்னவென்று நமக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, சகோதரிகளே. காணாமற்போன தன் மகனுக்கென்று இன்றும் தட்டு வைக்கும் தாய் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறா.

அன்று இரவு பந்தம் ஏந்திய ஊர்வலம். ஈரானியப் பெண்கள் கோஷமிட்டுக்கொண்டு வந்தார்கள். நெருப்பு வெளிச்சத்தைக் கண்டதும் அவர் ஒரு அடி பின்வாங்கி என் கையைப் பிடித்தார். கை நடுங்கியது. போவோமா என்று கேட்டேன். "நில், பாப்பம்" என்றார். ஊர்வலம் முடியும்வரை நின்றோம்.

அறைக்குத் திரும்பும்போது துறைமுகப் பக்கமாக நடந்தோம். அங்கேதான் எனக்கு வாய் வந்தது.

"ஒண்டு சொல்லோணும். கோபிக்கப்படாது. அண்டைக்கு நான் விளக்குக் கொளுத்தினபடியாத்தான் அவங்கள் வந்தவங்கள்."

அவர் நின்றுவிட்டார். "எந்த விளக்கு?"

முப்பத்துமூன்று வருடம் நான் சுமந்த விளக்கு அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னை லொறியில ஏத்தேக்க அதில ஏற்கெனவே ஏழு பேர் இருந்தவை. எல்லாம் இருட்டு வீட்டுக்காரர்தான். அவங்கள் ஒழுங்கை முழுக்க வந்தவங்களப்பா. ஏன் இவ்வளவு காலமும் கேக்கேல்லை?"

"கேட்டா ஓம் எண்டு சொல்லிப்போடுவியளோ எண்டு பயம்."

"நான் நினைச்சன், உனக்கு அந்த இரவைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லையெண்டு."

இரண்டு பேரும் மற்றவருக்காகப் பேசாமல் இருந்திருக்கிறோம். குளிரில் கண்ணீர்கூட எரிந்தது.

தையில் ஊர் திரும்பினோம். வயல் பச்சையாக நின்றது. முதல் வேலையாக அக்கா வீட்டுக்குப் போய்த் திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "மனுசர் செய்த வேலைக்கு விளக்கு என்னடி செய்யும்" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "லொறியில அவர் என்ன கதைச்சவர் எண்டு உன்ர மனுசனிட்டக் கேக்க வேணும் எண்டு நானும் இவ்வளவு வருசமா நினைச்சுக்கொண்டிருக்கிறன். கேட்டா அவருக்கு வருத்தம் வந்திடும் எண்டு விட்டிட்டன்" என்றாள்.

அன்று பொழுதுபட அவரை அழைத்துக்கொண்டு போனேன். அண்ணன் கடைசியாகச் சொன்னதை அவர் அக்காவுக்குச் சொன்னார். அது அக்காவுக்கு உரிய சொத்து. நான் இங்கே எழுதமாட்டேன்.

வாங்கி வந்த மினுங்கல் துண்டுகளைச் சங்கத்தில் பகிர்ந்து கொடுத்தேன். அக்கா விடிய நாலு மணிக்கு இடியப்பப் பெட்டியோடு சந்திக்குப் போகிறவள். தன் பையில் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாள். அவள் ஒழுங்கையால் திரும்புவது இப்போது எங்கள் வாசலிலிருந்தே தெரிகிறது.

ஒஸ்லோவுக்கு எல்லோராலும் போகமுடியாது. மருமகன் இல்லாவிட்டால் நானும் போயிருக்கமாட்டேன். ஆனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி இருந்ததே என்று இப்போது கவலையாக இருக்கிறது. அக்காவின் திண்ணை எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான். உங்கள் மனதிலும் இப்படி ஒரு விளக்கு இருந்தால், யாரிடம் கேட்கவேண்டுமோ அவரிடம் ஒருநாள் போய் இருந்து கேட்டுப் பாருங்கள்.