கடவுக்காரர் மகன்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்கு வரும் கடிதங்களின் தபால்தலைகளை அப்பா வெந்நீரில் ஊறவைத்து, உரித்து, கல்லாவுக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். அவர் காலமான பிறகு டப்பாவைக் கவிழ்த்தேன். 1998-இல் வெளியான ஒரு தலையில் ஓர் இளைஞர் முகம். வக்கம் அப்துல் காதர் என்று பெயர். வக்கம் என்றால் ‘சுதேசாபிமானி’ பத்திரிகை நடத்திய மௌலவியின் ஊர் என்பது மட்டும் தெரியும். இந்தக் காதர் யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் கடைக்காவூர் போய் இறங்கினேன். அங்கிருந்து வக்கம் பக்கம்தான். காயல் ஓரம், தேங்காய் மட்டை ஊறும் வாடை. டீக்கடைப் பெரியவரிடம் பெயரைச் சொன்னதுமே காயலைப் பார்த்துக் கையை நீட்டினார். “வாப்பா கடத்துக்காரன் அல்லே!” காதரின் தகப்பனார் வாவாக்குஞ்ஞு, ஆட்களைத் தோணியில் அக்கரை சேர்ப்பவர்.

மீதியை நூலகத்தில் தேடிச் சேர்த்தேன். பிறந்தது 1917 மே 25. இருபத்தோராம் வயதில் பிழைப்புக்காக மலாயா போனார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபின் இந்திய சுதந்திர லீகில் சேர்ந்தார். பினாங்கில் ரகசியப் பயிற்சி. 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அவரையும் சில தோழர்களையும் மலபார்க் கடலில் இறக்கிவிட்டது. சிறு படகில் தானூரில் கரையேறினார்கள்; பிடிபட்டார்கள். தோணிக்காரர் மகன் ஊர் திரும்ப ஏறிய கரை, சொந்த ஊருக்கு வெகு வடக்கே, பிரிட்டிஷ் மண்ணில் இருந்தது.

சென்னையில் வழக்கு நடந்தது. எதிரியின் ஏஜெண்ட் என்றது சட்டம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோது, காதர் தூக்குத் தண்டனைக் கைதி. இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் நேதாஜியின் வருகையில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்பே பிடிபட்டவர் அந்தக் கதைகளில் எங்கே வருவார்? செப்டம்பர் 10, ரம்ஜான் மாதத்து வெள்ளிக்கிழமை, தூக்கிலிட்டார்கள். அதே நாளில் தூக்கு மேடை ஏறிய தோழர்களில் வங்காளத்து சத்யேந்திர சந்திர பர்தனும் பஞ்சாபின் ஃபௌஜா சிங்கும் உண்டு. காதருக்கு வயது இருபத்தாறு.

சென்னை போனபோது அவரைத் தூக்கிலிட்ட இடத்தையும் தேடினேன். சென்ட்ரலுக்கு எதிர்ப்புறம் இருந்த பழைய மத்தியச் சிறை அது. கைதிகளை 2006-இல் புழலுக்கு மாற்றினார்கள். 2009-இல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடம். வெள்ளைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாணவர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள். அங்கிருந்து நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போனேன். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாக ஒரே அளவுக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. அதே போரில் செத்தவர்கள்தான். ஆனால் காதர் மாதிரி எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. சிப்பாயா, உளவாளியா என்பதை எந்தக் கொடியின் கீழ் செத்தான் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தூக்குக்கு முன் காதர் தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது கேரளத்தில் பலருக்கும் தெரிந்த கடிதம். ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து நாடு அவருக்குச் செய்த மரியாதையும் கடிதத்தில் ஒட்டுகிற ஒரு துண்டுக் காகிதம்தான்.

டப்பாவில் இருந்த தலையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முகத்தின் மேல் முத்திரை மை பாதி விழுந்திருக்கிறது. எந்த ஊர் முத்திரை என்று படிக்க முடியவில்லை. அப்பா அதை ஓரம் கிழியாமல் உரித்திருக்கிறார்.