கழுத்தில் ஒரு கயிற்று முடிச்சு

டை கட்டத் தெரிந்த அப்பாக்கள் எங்கள் கடலூர்ப் பக்கத்தில் மிகக் குறைவு. வேட்டியை நழுவாமல் இறுக்கவும், தலைப்பாகை சுற்றவும், மாட்டை முளைக்குச்சியில் கட்டவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும் கிடைத்தது, முடிச்சோடு தைத்து எலாஸ்டிக் வைத்த டைதான். ஆகவே பலருக்கும் உண்மையான டை முதன்முதலாகக் கைக்கு வருவது கல்லூரியின் இறுதியாண்டில், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவில்.

சிதம்பரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே நடராசர் கோயில். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கனகசபையில் ஏறுகிறார்கள். பாதைக்குக் கிழக்கே, 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கே வேலை கேட்டு நிற்பவன் காலர்ப் பொத்தானையும் பூட்டி, அதன்மேல் ஒரு முடிச்சையும் போட்டாக வேண்டும்.

நான் தங்கியிருந்த விடுதியில் ஒரு தளத்துக்கு மூன்று நான்கு டைகள் இருந்தன. யாரோ ஒரு சீனியர் போட்டுவிட்டுப் போன முடிச்சை எவரும் அவிழ்ப்பதில்லை. தளர்த்தித் தலைவழியே கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். அடுத்தவன் மாலைபோல் அணிந்து இறுக்கிக்கொள்வான். அவிழ்ந்துவிட்டால் மறுபடி போட ஆளில்லை என்ற பயம். நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில அறிமுகமும் அப்படித்தான். நடுவில் ஒரு சொல் நழுவினால் முழுதும் அவிழ்ந்துவிடும்.

அதை முதலில் அவிழ்த்தவன் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. எல்லோரும் பதறிக்கொண்டிருக்க, துணி எந்த வழியில் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டே அவிழ்த்தான். பிறகு அதே வழியில் திரும்பக் கட்டினான். வலை பின்னிப் பழகிய விரல்கள். எதிரே நின்று சொல்லிக் கொடுத்தால் இடமும் வலமும் குழம்பும் என்று, ஒவ்வொருவருக்கும் பின்னால் நின்று, அரிச்சுவடி எழுதக் கைபிடிப்பதுபோல் பிடித்துக் கற்றுக் கொடுத்தான்.

அகன்ற முனை வலப்பக்கம் இருக்கட்டும். மற்றதைவிட ஒரு சாணுக்கு மேலாகவே தாழ்ந்து தொங்கட்டும். அதைக் குறுகிய முனையின் மேலாக இடப்பக்கம் கொண்டுபோ. அடியில் கொடுத்து வலப்பக்கம் வாங்கு. திரும்பவும் மேலாக இடப்பக்கம். இப்போது கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே இழு. முன்புறம் ஒரு பட்டை உண்டாகியிருக்கும். அதற்குள் நுழைத்துக் கீழே இறக்கு. குறுகிய முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ளு. நுனி பெல்ட்டின் பக்கிளைத் தொட்டால் போதும். நீளம் சரியில்லையென்றால் இழுத்துச் சரிக்கட்டாதே, அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கு. பாடம் இவ்வளவுதான்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போன குரோவாசியப் படைவீரர்களின் கழுத்துத் துணியிலிருந்து டையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். கேம்பிரிட்ஜின் இயற்பியலாளர்கள் தாமஸ் ஃபிங்க், யோங் மாவோ இருவரும் 1999இல் கணக்கிட்டு, டை கட்ட 85 வழிகள் உண்டு என்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது அவற்றில் எளியவற்றுள் ஒன்றான 'ஃபோர் இன் ஹேண்ட்'. பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, இது பாய்மரக் கப்பல்களின் 'பன்ட்லைன்' முடிச்சேதான். பாயைச் சுருட்டும் கயிற்றை மாலுமிகள் பாயின் விளிம்போடு பிணைத்த முடிச்சு அது. காற்றில் பாய் எவ்வளவு உதறினாலும் அவிழாது.

துணி வணிகத்துக்காகக் கப்பலேறி வந்த ஆங்கிலேயக் கம்பெனி, 1690இல் மராட்டியரிடமிருந்து கோட்டை வாங்கிய இடமும் அதே தேவனாம்பட்டினம். செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தக் கரையின் மனிதர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்க எவரும் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை.

நண்பனின் அப்பா ஒரு விடுமுறையில் அந்த டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுருக்குதானடா இது. இதுக்கா ராத்திரியெல்லாம் முழிச்சீங்க?" என்றார். அதற்கு முன்பு அவர் டையைத் தொட்டதில்லை. நாங்கள் பயந்துகொண்டிருந்தது முடிச்சைப் பார்த்து அல்ல, அதை அணிந்திருப்பவர்களைப் பார்த்து என்பது அவர் சொன்ன விதத்தில் புரிந்தது.

இன்று கைப்பேசியில் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. ஆனாலும் கற்றுக்கொள்ள வரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது, கட்டியிருப்பதை அவிழ்க்கத்தான். இரவில் முடிச்சோடு மாட்டி வைத்தால் துணியில் மடிப்பு விழுந்துவிடும் என்பது வெளியே சொல்லும் காரணம்.