கண்டல் மரத்தின் வளைவு

சிட்னியின் தெற்கே, பொட்டனி விரிகுடாக் கரையில் இருக்கிறது லா பெரூஸ். 1788இல் பிரித்தானியக் குடியேற்றக் கப்பல்கள் முதலில் வந்தது இந்த விரிகுடாவுக்குத்தான். ஆதிக்குடி மக்கள் நிலத்தை இழந்தார்கள். ஆனாலும் பல குடும்பங்கள் கரையை விட்டுப் போகவில்லை. கண்டல் மரத்தின் அடியும் வேரும் வளைந்து சேரும் இடத்தை வெட்டி ஆண்கள் பூமராங் செதுக்கினார்கள். பெண்கள் சிப்பி பொறுக்கிச் சிறு பெட்டிகளில் ஒட்டி அழகுபடுத்தினார்கள். சுற்றுலா வருவோருக்கு அவற்றை விற்று அடுப்பெரித்தார்கள்.

நான் போனபோது அங்கே ஒரு பெரியவர் எறியக் காட்டித்தந்தார். வேட்டைக்கு எறியும் தடி திரும்பி வராது; திரும்பி வருவது வேறு வகை. அதன் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சற்றுப் புடைப்பு. காற்றுக்கு நேரே எறியாமல், கொஞ்சம் வலப்பக்கமாக, நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி எறிய வேண்டும். ஐந்து தடவை மணலில் விழுந்தது. ஆறாவது தடவை வளைந்து என் பக்கம் வந்தது.

சகோதரிகளே, இடம்பெயர்ந்து வெறுங்கையோடு மீண்ட பலர், "எனக்கு ஒன்றும் தெரியாது, தங்கச்சி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால், பன்னவேலை தெரியும் என்பார்கள். வீடும் காணியும் போனபின்னும் அந்தத் தொழில் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதை ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள்.