ஐம்பது வயசுல என்னண்ணே அனிமே?

இது பூசை நேர அறிவிப்பு இல்லை, உபயக் கணக்கும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கிறவங்க படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தப்போ நம்ம இளைஞர் பிரிவுப் பிள்ளைங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அண்ணே, உங்க போன் முகப்புல அனிமே படம் இருக்கே. உங்களுக்கு ஐம்பது ஆகப் போகுது. இன்னும் அதையெல்லாம் பார்க்கிறீங்களா? பார்த்தா எதைத்தான் பார்க்கிறீங்க?" கையெல்லாம் சாம்பார், அங்கேயே பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதறேன். பிள்ளைங்க மட்டும் இல்ல, என் வயசுக்காரங்க நிறைய பேருக்கும் இந்தக் கேள்வி இருக்குன்னு எனக்குத் தெரியும். வெளிய சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

நாங்க தோட்டத்துல வளர்ந்தவங்க. லயத்துல டிவி இருந்த வீடு கொஞ்சம்தான், அந்த வீட்டு வாசல்ல சாயங்காலம் இருபது ஜோடி சிலிப்பர் கிடக்கும். மலாய்ல பேசின டோரேமோனைப் பார்த்துத்தான் எனக்குப் பாதி மலாய் வந்தது. அப்புறம் 'முத்தியாரா நாகா'ன்னு மலாய்ல வந்த டிராகன் பால் சித்திரக்கதை. ஒருத்தன் வாங்குவான், பத்துப் பேர் படிப்போம், கடைசியில அட்டை இருக்காது. அதுக்கப்புறம் சுங்கை பட்டாணி பாசார் மாலாம்ல வி.சி.டி.

எங்க பாட்டி பால் வெட்டுக்குப் போய் வந்த களைப்புல ஐந்தடியில படுத்துக்கிட்டே பார்க்கும். சோன் கோக்கு நீளுற கோலைத் தூக்கிக்கிட்டு மேகத்து மேல பறக்கிறதைப் பார்த்துட்டு, "அட, வாலும் இருக்கு. நம்ம ஆஞ்சநேயரு!"ன்னு சொல்லிச்சு. பாட்டி சொன்னது ரொம்பத் தூரமும் இல்ல. கோக்கு சீனத்துக் குரங்கரசன் சுன் வூகோங் கதையில இருந்து வந்தவன். அந்தக் குரங்கரசனுக்கு மூலமே அனுமன்தான்னு சொல்ற அறிஞர்கள் உண்டு, மறுக்கிறவங்களும் உண்டு. பின்னால வர்ற கதையில பெரிய மேசை போட்டு உட்கார்ந்து, செத்தவங்களுக்கு முத்திரை குத்தி அனுப்புற ராட்சச உருவம் ஒண்ணு இருக்கும். பேரு என்மா. அது சந்தேகமே இல்லாம நம்ம எமதர்மராஜாதான். பௌத்தத்தோட சேர்ந்து சீனா வழியா ஜப்பான் போய்ச் சேர்ந்தவர். சரஸ்வதி அங்க பென்சாய்தென், கையில வீணைக்குப் பதிலா பிவா. பிள்ளையார் கங்கிதென். தோக்கியோவுல அசாகுசா பக்கம் மாட்சுச்சியாமா கோவில்ல அவருக்கு முள்ளங்கி படைக்கிறாங்க. நம்மகிட்ட அருகம்புல், அவங்ககிட்ட முள்ளங்கி!

சரி, கேள்விக்கு வர்றேன்.

இந்த வயசுல பழைய மாதிரி எல்லாத்தையும் பார்க்க முடியல, உண்மை. புதுசா வர்றதுல பாதி பள்ளிக்கூடப் பிள்ளைங்க கதை. நமக்கு மகனோட ஃபோர்ம் ஃபைவ் பரீட்சைக் கவலையே போதும். இன்னொரு பாதி, லோரி மோதி செத்துட்டு வேற உலகத்துல பிறக்கிற கதை. சண்டைக்கு நடுவுல நாலு வாரம் கத்துறது. பொம்பளைப் பிள்ளைங்களை வரையற விதம், வீட்டுல அக்கா தங்கச்சி உட்கார்ந்திருக்கும்போது போட முடியாது. ஒன் பீஸ் நல்ல கதைதான், ஆனா 1999-ல ஆரம்பிச்சு ஆயிரம் பாகத்தைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு. நான் வேலைக்குப் போகணும், கோவிலுக்கு வரணும், சக்கரை மாத்திரை வாங்க கிளினிக் வரிசையில நிக்கணும். எப்போ பார்க்கிறது?

ஜப்பான்ல சித்திரக்கதைப் பத்திரிகைகளே வயசு பார்த்துத்தான் வருது. பையன்களுக்கு ஷோனென், பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஷோஜோ, பெரிய ஆம்பிளைங்களுக்கு செய்னென், பெரிய பொம்பளைங்களுக்கு ஜோசேய். ரொம்ப நாள் நான் செய்னென் முத்திரையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதுல நல்லது கிடைச்சது: நாவோகி உராசாவா எழுதின 'மான்ஸ்டர்', 2004-ல தொடங்கின 74 பாகம். தான் காப்பாத்தின பையனே கொலைகாரன் ஆனதைப் பார்த்து அலையற ஒரு டாக்டரோட கதை. ராத்திரி தூக்கம் போயிடும். அதே உராசாவாவோட 'புளூட்டோ' 2023-ல வந்தது, எட்டே பாகம். போர்ல இருந்து திரும்பி வந்தவங்க மனசைப் பத்தி அதுல இருக்கிறது, நான் பார்த்த பல சினிமாவுல இல்ல. ஆனா முத்திரையை நம்பினா ஏமாந்தும் போவோம். செய்னென்னு போட்டிருக்கும், உள்ள வெறும் இரத்தமும் அசிங்கமும்தான். இரத்தம் வந்தா அது பெரியவங்க கதைன்னு யார் சொன்னது? என் மனசை உலுக்கின ரெண்டு கதையில ஒண்ணு பையன்கள் பத்திரிகையில வந்தது, இன்னொண்ணு பொம்பளைப் பிள்ளைங்க பத்திரிகையில வந்தது. அந்த ரெண்டையும் பத்திச் சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு.

2023-ல 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' இங்க தியேட்டருக்கு வந்தப்போ பழைய தோட்டத்துக் கூட்டாளிங்க நாலு பேர் பினாங்குக்குக் கார் போட்டுக்கிட்டுப் போனோம். 90-கள்ல பார்த்த கூடைப்பந்துத் தொடர், 101 பாகம், முக்கியமான ஆட்டம் வர்றதுக்கு முன்னாலேயே நின்னு போனது. இருபத்தைந்து வருசத்துக்கு மேல கழிச்சு, எழுதின தக்கேஹிகோ இனோவேயே இயக்குநரா உட்கார்ந்து அந்த ஆட்டத்தை எடுத்திருக்கார். ஆனா பழைய கதாநாயகனை ஓரமா வச்சுட்டு, குட்டையான மியாகி ரியோத்தாவை நடுவுல கொண்டு வந்துட்டார். கடல்ல அண்ணனைப் பறிகொடுத்த பையன், பேச்சு வராத அம்மா. சின்ன வயசுல பந்து எங்க போகுதுன்னு பார்த்தோம். இப்ப அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்க்கிறோம். தொப்பையோட நாலு மாமாங்க இருட்டுல மூக்கைச் சிந்தினதை இதுக்கு மேல விவரிக்க மாட்டேன்.

ரெண்டு கதையில முதலாவது 'ஃபிரீரென்', 2023 செப்டம்பர்ல தொடங்கின முதல் தொடர் 28 பாகம். மத்த கதை எல்லாம் முடியற இடத்துல இது ஆரம்பிக்குது. அசுரராஜனைக் கொன்னுட்டு நாலு பேர் ஊர் திரும்புறாங்க, பத்து வருசப் பயணம் முடிஞ்சது. அதுல ஃபிரீரெனுக்கு மட்டும் ஆயிரம் வருசத்துக்கும் மேல ஆயுசு. ஐம்பது வருசம் கழிச்சுத் திரும்பி வந்தா, கூட வந்த வீரன் ஹிம்மெல் கிழவனாகியிருக்கான். கொஞ்ச நாள்ல இறந்தும் போறான். இவனைத் தெரிஞ்சுக்க நான் முயற்சியே பண்ணலையேன்னு அப்பத்தான் அழுவுறா. ரெண்டாவது பாகத்துல ஒரு கிராமத்துல ஹிம்மெலோட சிலை, கவனிப்பார் இல்லாம அழுக்குப் பிடிச்சு நிக்கும். ஃபிரீரென் அதைத் தேய்ச்சுக் கழுவிட்டு, அவன் ஊர்ல பூக்கிற நீலப் பூவைத் தேடிக் கொண்டு வந்து சிலையைச் சுத்தி நடுவா. பக்தர்களே, அது உழவாரப் பணி இல்லாம வேற என்ன? வாரியலும் வாளியும் தூக்கி மண்டபம் கழுவற நம்ம அக்காமாரு எல்லாருக்கும் அந்த ஒரு பாகத்தையாவது போட்டுக் காட்டணும்னு ஆசை.

ரெண்டாவது 'நட்சுமே யூஜின்ச்சோ', 2008. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத காட்டுத் தேவதைகளையும் ஆவிகளையும் பார்க்கிற ஒரு பையன். பாட்டி விட்டுட்டுப் போன ஒரு நோட்டுப் புத்தகத்துல அதுங்களோட பேரெல்லாம் சிறைப்பட்டுக் கிடக்கு, இவன் ஒவ்வொண்ணாத் திருப்பிக் கொடுக்கிறான். முதல் தொடர் ரெண்டாம் பாகம், பனித்துளிச் சாமி கதை. காட்டோரத்துல சின்னக் கோவில். ஒரு காலத்துல ஆள் உயரம் இருந்த சாமி, கும்பிடற ஆள் குறையக் குறைய உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் போச்சு. கடைசியா வந்து கும்பிடறது ஒரே ஒரு கிழவி. அந்தக் கிழவி நோயில விழுந்து கண்ணை மூடினதும் சாமியும் மறையத் தொடங்குது. பையன் பதறிப்போய், நான் கும்பிடறேன், போகாதீங்கன்னு கெஞ்சறான். சாமி ஏத்துக்கல. நீ எனக்குச் சிநேகிதன்னு சொல்லிட்டு மறைஞ்சு போகுது.

இதைப் பார்த்துட்டு அன்னிக்கு நான் சாப்பிடல. ஏன்னா அந்தக் கிழவியை எனக்குத் தெரியும்.

பீடோங் பக்கம் ஒரு பழைய தோட்டம். பேர் வேண்டாம். இரப்பரை வெட்டிட்டுச் செம்பனை போட்டாச்சு, லயத்தை இடிச்சாச்சு, சனங்க எல்லாம் தாமான் வீடுகளுக்கு வந்தாச்சு. கோவில் மட்டும் அங்கேயே நிக்குது: தகரக் கூரை, முனீஸ்வரர், பக்கத்துல அம்மன். இப்ப வாரா வாரம் சூடம் ஏத்தறது எழுபத்தெட்டு வயசு அம்மா ஒருத்தர். பேரன் மோட்டார்ல பின்னால உட்கார வச்சு ஏத்திக்கிட்டு வர்றான். இடத்தை வாங்கினவங்ககிட்ட இருந்து கோவிலைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்து கிடக்கு. மாதம் ஒரு தடவை நாங்க ஆறேழு பேர் போய்ப் புல் வெட்டிட்டு வர்றோம். எல்லாரும் நாற்பதைத் தாண்டினவங்க.

நம்ம சாமி ஆள் குறைஞ்சா சுருங்காதுன்னு நம்ம தலைவர் சொல்வார். சரிதான், சைவத்துல அப்படி இல்ல, சாமிக்கு நாம ஒரு பொருட்டே இல்ல. ஆனா கூரைத் தகரம் துருப்பிடிக்குது, பாம்பு வருது. மெர்போக் பக்கம் ஜெராய் மலை அடிவாரத்துல சண்டி புக்கிட் பத்து பஹாட் நிக்குதே, பார்த்திருப்பீங்க. கடாரத்துல நம்ம பெருமைன்னு பஸ் பிடிச்சுப் போய்ப் படம் எடுத்துக்கிறோம். கல் அடித்தளம் மட்டும் இருக்கு, மேல கூரை இல்ல, பூசையும் இல்ல. அங்கேயும் கடைசியா விளக்கு ஏத்தின ஒரு அம்மா இருந்திருப்பாங்கதானே?

அந்தப் பனித்துளிச் சாமி பாகத்தைத்தான் போன மாசம் இளைஞர் கூட்டத்துல போட்டேன். பன்னிரண்டு பேர் பார்த்தாங்க. ஒருத்தன் தூங்கிட்டான், ரெண்டு பேர் போன் நோண்டினாங்க. படம் முடிஞ்சதும் ஒரு பொண்ணு மட்டும், "மாமா, அந்தத் தோட்டத்துக் கோவில் எங்க இருக்கு?"ன்னு கேட்டுச்சு. எங்க அம்மா பிறந்த தோட்டம் அதுதான்னும் சொல்லிச்சு. எனக்கு அது தெரியாது.

இப்ப ஒரு விவாதம் ஓடிக்கிட்டு இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்றேன். நவராத்திரிக்கு மண்டபத்துல 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' படத்தை முறைப்படி அனுமதி வாங்கிப் போடலாமான்னு நிர்வாகத்துல கேட்டேன். பெரியவர் ஒருத்தர் கோபப்பட்டார்: "சாமியைக் கார்ட்டூனாப் போட்டுக் காட்டறதா? அதுவும் ஜப்பான்காரன் எடுத்ததை?"

ஐயா, இதே கேள்வியை அந்த ஜப்பான்காரர் யூகோ சாக்கோவும் சந்திச்சிருக்கார். 1983-ல இராமாயண இடங்கள்ல நடந்த அகழாய்வைப் பத்தி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தவர் அவர். கதை பிடிச்சுப் போய், ஜப்பான் மொழியில இருந்த பத்து இராமாயணத்தைத் தேடிப் படிச்சார். வெளிநாட்டுக்காரர் எப்படி எடுக்கலாம்னு எதிர்ப்புக் கடிதமே போச்சு, போய் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். இராமர் தெய்வம், ஒரு நடிகரை நிக்க வைக்கிறதைவிட ஓவியத்துல காட்டறதுதான் பொருத்தம்னு அவர் கருதினார். நம்ம கோபுரத்துல இருக்கிற சுதைச் சிற்பமும் அப்படித்தானே ஐயா? ராம் மோகன் தலைமையில இந்திய ஓவியர்களும் ஜப்பான் ஓவியர்களும் சேர்ந்து, சுமார் 450 பேர், கையாலேயே வரைஞ்சாங்க. வேட்டி எப்படிக் கட்டறது, கும்பிடறது எப்படின்னு இந்தியக் குழு சொல்லிக் கொடுத்தது. வனராஜ் பாட்டியா இசை, பாட்டெல்லாம் சமஸ்கிருதம். 1993 ஜனவரியில டில்லி திரைப்பட விழாவுல காட்டினாங்க. அயோத்திப் பிரச்சினை நடந்த நேரம், தியேட்டர்ல பெரிசா ஓடல. சாக்கோ 2012-ல காலமாயிட்டார். 2025 ஜனவரி 24-ஆம் தேதி புதுப்பிச்சு இந்தியாவுல வெளியிட்டப்போ இந்தி, தெலுங்கு, ஆங்கிலத்தோட தமிழ்லயும் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்ல.

முடிவு அடுத்த கூட்டத்துல. பெரியவர் முதல்ல தான் மட்டும் வீட்டுல பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். பேரன் போட்டுக் காட்டறானாம்.

பட்டியல் கேட்ட பிள்ளைங்களுக்கு: பேரு நாலஞ்சு மேல இருக்கு, அது போதும். மூணு பாகம் பாருங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. என்கிட்ட வந்து ஒன் பீஸ் மட்டும் ஆரம்பிக்கச் சொல்லாதீங்க.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக் கோவிலுக்கு லோரி நம்ம வாசல்ல இருந்து கிளம்புது. புல் வெட்டுற மிஷின் ரெண்டு இருக்கு. கையுறையும் கொசு மருந்தும் நீங்களே கொண்டு வாங்க, பசியாற அங்க இட்டலி. அந்த அம்மா எட்டு மணிக்கு வருவாங்க.